அக்கா கொண்டுவந்த உப்பு

தம்பி பெண்டாட்டி செல்வராணி போனை எடுக்கவில்லை. எடுப்பாளா, பால்காய்ப்பு அன்றைக்கு அந்த இளநீர் விவகாரத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவள், அதற்குப் பிறகு ஒரு தடவையாவது அவளாகக் கூப்பிட்டிருப்பாளா, என்று சண்முகக்கனி முதலில் பொருமினாள். பொருமி முடிப்பதற்குள், கோபத்தில் எடுக்காவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டுமே, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு எடுக்க முடியாமல் இருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். தம்பி பால்துரையின் போன் அணைந்து கிடந்தது. அது எப்போதும் உள்ளதுதான், சார்ஜ் போட மறந்துவிட்டு ஊர் முழுக்க வேன் ஓட்டுவான், கேட்டால் பல்லைக் காட்டுவான். இன்றைக்கு மட்டும் அந்த அணைந்த போன் வேறு மாதிரி பயமுறுத்தியது. திருச்செந்தூர் பஸ் பழைய பஸ்ஸ்டாண்டை விட்டு இன்னும் நகரவில்லை. கண்டக்டர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார், உலகத்தில் யாருக்கும் எங்கேயும் அவசரமே கிடையாது என்பதுபோல ஊதி ஊதி. சீக்கிரம் குடிச்சுத் தொலையுமே ஐயா என்று அவள் மனசுக்குள் கும்பிட்டாள். முந்தானை நுனியில் முடிந்து வைத்திருந்த உப்பு விரலில் நெருடியது. அதைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே தொட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ரெக்ஸலின் வந்தாள். மாசத்துக்கு ஒருமுறை வருகிற பிள்ளை, ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரி நடத்துகிற உப்பு ஆராய்ச்சிக்கு வீடு வீடாகப் போய் ரத்தக்கொதிப்பு பார்த்து, காலிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, புதுப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போவாள். முதல்நாள் அவள் வந்து விஷயத்தைச் சொன்னபோது சண்முகக்கனிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தூத்துக்குடிக்காரிக்கு உப்புக் கொடுக்க வந்திருக்கியா தாயி, எங்க அப்பா காலமெல்லாம் உப்பளத்துல கிடந்தவரு, எனக்கே உப்பா, என்று கேட்டாள். ரெக்ஸலினும் சிரித்துக்கொண்டே, இது வேற உப்புக்கா, கொதிப்பைக் குறைக்குதான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி என்று விளக்கினாள். கொதிப்பு உள்ளவர்கள் வீடாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். பாதி வீட்டுக்குப் போவது கடையில் விற்கிற சாதா உப்பு. மீதி வீட்டுக்குப் போவது அந்த உப்பில் கொஞ்சத்தைக் குறைத்து வேறொன்றைக் கலந்தது. எல்லாம் ஒரே வெள்ளைப் பாக்கெட், மேலே ஒரு நம்பர், அவ்வளவுதான். யார் வீட்டுக்கு எது வருகிறது என்று கொண்டுவருகிற ரெக்ஸலினுக்கும் தெரியாது. இது என்ன கண்ணாமூச்சி விளையாட்டு என்று அன்றைக்குக் கேலி பேசியது சாட்சாத் இவள்தான். இப்போது அந்த விளையாட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதும் இவள்தான்.

பஸ் ஒருவழியாகக் கிளம்பியது. காற்று முகத்தில் அடித்தும் வேர்வை நிற்கவில்லை. ரெக்ஸலின் காலையில் காலிப் பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு ரெண்டு குறையுதேக்கா என்றாள், சாதாரணமாகத்தான் கேட்டாள். சண்முகக்கனி பெருமையாகவே சொன்னாள். அதை ஏன் கேக்க, ஆத்தூர்ல தம்பி புது வீடு கட்டிப் பால்காய்ச்சினாம்லா, அக்காதானே முதல்ல உப்பும் மஞ்சளும் கொண்டுபோயி வைக்கணும், கடை உப்பை ஏன் கொண்டுபோகணும், டாக்டர்மாரு குடுத்த நல்ல உப்பா இருக்கட்டுமேன்னு அதையே வெண்கலக் கும்பாவுல குமிச்சுக் கொண்டுபோனேன். கொதிப்புக் குறையட்டும், எனக்குக் குறைஞ்சிருக்குல்லா, அவனுக்கும் நல்லா இருக்கட்டும். இதையெல்லாம் வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தபோது ரெக்ஸலின் சிரிப்பது நின்றுபோனதை அவள் கவனிக்கவே இல்லை. பிறகு அந்தப் பிள்ளை கேட்டது இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது.

“அக்கா, உங்க தம்பிக்கு கிட்னியில ஏதும் கோளாறு இருக்கா?”

இருக்கிறதா என்றால். ரெண்டு வருஷமாக இருக்கிறது. வேன் ஓட்டி ஓட்டி இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரைகள், ஒன்றுக்கு வந்தால் அடக்கிக்கொண்டு ஓட்டிய ஓட்டம், தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டிவரும் என்று குடிக்காமலே கழித்த வெயில், எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். இன்னும் ரத்தம் சுத்தம் பண்ணுகிற அளவுக்குப் போகவில்லை, பத்தியம் காத்தால் இப்படியே தள்ளலாம் என்றும் அவரேதான் சொன்னார். சண்முகக்கனி உதட்டைக் குவித்துக்கொண்டு ரெக்ஸலினிடம், கொஞ்சம் இருக்கு, லேசாத்தான், என்றாள். லேசாத்தான்! எதற்கு அந்த வார்த்தை, யாரை ஏமாற்ற? ரெக்ஸலின் எழுந்து நின்றுவிட்டாள். பயப்படாதீங்க என்று ஆரம்பித்தாள், அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் பயமே வந்தது. கலக்கிற அந்த வேறொன்றுக்குப் பெயர் பொட்டாசியம். நல்ல கிட்னி என்றால் அதைப் பிரித்து வெளியே தள்ளிவிடும், ஒன்றும் செய்யாது, கொதிப்புக்கு நல்லதுகூட. கெட்டுப்போன கிட்னியால் தள்ள முடியாது. ரத்தத்தில் தங்கும். தங்கினால் இதயத்தைப் பிடிக்கும். கை கால் ஓய்ச்சல் வரலாம், படபடப்பு வரலாம். சிலருக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா, என்றாள், அப்படியே நின்னுரும். எது என்று கேட்கவில்லை. இதயம்தானே. வேறு எது நிற்கும். உடனே நிறுத்தச் சொல்லுங்க, இன்னைக்கே ரத்தம் பாக்கணும், ஒரு ஈசிஜி எடுக்கணும், உங்க நம்பர்ல எந்த உப்பு வந்துச்சுன்னு நான் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன், சாதா உப்பாகூட இருக்கலாம். இருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் செருப்பை மாட்டினாள். வீட்டுக்காரருக்குப் போன் பண்ணவில்லை. பண்ணினால் முதல் கேள்வியே யாரைக் கேட்டுட்டுக் குடுத்த என்பதாகத்தான் இருக்கும்.

முத்தையாபுரம் தாண்டியது. பக்கத்தில் ஒரு கருவாட்டுக்காரி கூடையை மடிக்கும் காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்க போறிய என்று கேட்டாள், தம்பி வீட்டுக்கு என்றாள் இவள், விசேஷமா என்று அவள் கேட்டதற்கு ஆமா என்று தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏன் ஆமா என்று சொன்னோம், நல்ல வார்த்தையா அது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையா. வாய்தான், எல்லாம் இந்த வாய்தான். ஆராய்ச்சியில் சேர்க்கும்போதே ரெக்ஸலின் கேட்டாள். உங்க குடும்பத்துல யாருக்காவது கிட்னி நோய் இருக்கா, தெளிவாகத்தான் கேட்டாள். ஹாலில் வீட்டுக்காரர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார், மகள் உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தாள், அந்த வாரம்தான் கோவில்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். வியாதி உள்ள வீடு என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், எந்த வழியாகக் கிளம்பினது என்றே தெரியாது, வரன் அப்படியே நழுவிவிடும். எங்க குடும்பத்துலயா, ஒருத்தருக்கும் இல்லையே தாயி, என்றாள் சண்முகக்கனி, சத்தமாக, ஹாலுக்கும் கேட்கட்டும் என்று. பொய்யும் இல்லை என்று தன்னைத்தானே சமாதானமும் பண்ணிக்கொண்டாள். கட்டிக்கொடுத்துவிட்டால் பொம்பளைக்குக் குடும்பம் என்பது புருஷன் குடும்பம்தானே, தம்பி வேற வீடு, வேற அடுப்பு. ஆகா, என்ன நியாயம். இதே சண்முகக்கனிதான் தீபாவளிச் சேலை வரவில்லை என்றால் நான் அந்த வீட்டுப் பிள்ளை இல்லையா என்று கண்ணைக் கசக்குவாள். சேலைக்கு அந்த வீடு, வியாதிக்கு இந்த வீடு. அன்றைக்கு ஆமா, என் தம்பிக்கு இருக்கு என்று சொல்லியிருந்தால், அப்ப இந்த உப்பை அவங்களுக்குக் குடுத்துராதீங்கன்னு அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருக்கும், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒரு ஆமா. கருவாட்டுக்காரியிடம் சொன்ன அந்த ஆமாவை அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா.

மறுபடியும் செல்வராணிக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து ஓய்ந்தது. இளநீர். அதுவும் இதேதான், காலையில் ரெக்ஸலின் சொல்லும்போதுதான் புரிந்தது, இளநீரிலும் அந்தப் பொட்டாசியம்தான் நிறைய இருக்கிறதாம். பால்காய்ப்பு அன்றைக்கு வெயிலில் வேர்த்து நின்ற தம்பிக்குப் பாவமே என்று இவள் ஒரு இளநீரைச் சீவி நீட்டினாள். அவன் வாயில் வைக்கப் போனான். செல்வராணி எங்கிருந்தோ வந்து கையிலிருந்து பிடுங்கி, அவியளுக்கு ஆகாது மைனி என்று சொல்லிவிட்டு அதைச் சித்தப்பா கையில் கொடுத்துவிட்டாள். அத்தனை சொந்தக்காரர் முன்னால். பால்குடி மறந்த நாள் முதல் நான் ஊட்டி வளர்த்த பயலுக்கு நான் ஒரு இளநீர் கொடுக்கக் கூடாதா, எனக்குச் சொல்லித்தர இவள் யார் என்று மூக்கு நுனி வரைக்கும் கோபம் வந்தது சண்முகக்கனிக்கு. அந்தக் கோபத்தோடுதான் உப்பு விஷயத்தில் அவ்வளவு அழுத்திச் சொன்னாள். கும்பாவிலிருந்து உப்பைப் பீங்கான் ஜாடியில் கொட்டும்போது செல்வராணியைக் கிட்டே கூப்பிட்டு, இந்தா பாரு, இது லேசுப்பட்ட உப்பு இல்ல, டாக்டர்மாரு குடுத்தது, இனிமே தம்பிக்கு இதுலதான் சமைக்கணும், உப்பு ஆகாதுன்னதெல்லாம் கடை உப்பைத்தான், பத்தியத்துக்கும் இதுதான் நல்லது, என்றாள். அவள் சரி மைனி என்றாள். அந்தச் சரி மைனிதான் இப்போது நெஞ்சில் குத்துகிறது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாதா அவள், எப்போதும் பேசுகிறவள்தானே, இளநீருக்குப் பேசியவள் உப்புக்குப் பேசக்கூடாதா. ஒரு மாசமாக அந்த உப்புத்தான் குழம்பில், ரசத்தில், மோரில். தினமும் இவள் கையாலேயே ஊட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

போன வாரம் அவன் பேசினானே. கை கால் ஒருமாதிரி ஓஞ்சு வருதுக்கா என்று சொன்னானே, வேனிலிருந்து இறங்கிக்கொண்டே, சும்மா பேச்சுவாக்கில். வெயிலு அப்பிடிடா, நல்லா சாப்பிடு, செல்வராணிகிட்ட வாய்க்கு ருசியா ஆக்கித் தரச் சொல்லு என்றாள் இவள். ருசியா! அதற்குப் பிறகு மகள் வரனைப் பற்றிப் பேச்சு மாறிவிட்டது. கை கால் ஓய்ச்சல் என்று ரெக்ஸலின் சொன்னதும் இதே வார்த்தைதானே, ஓய்ச்சல், அவனும் ஓய்ச்சல் என்றுதானே சொன்னான், இல்லை, அசதி என்று சொன்னானோ? ஓஞ்சு வருது என்றுதான் சொன்னான். இல்லை, கால் மட்டும் என்று சொன்ன மாதிரியும் இருக்கிறது. வேன் ஓட்டுகிறவனுக்குக் கால் ஓயாதா. எனக்குக்கூடத்தான் ஓய்கிறது. அப்பாவுக்கும் கடைசியில் கால்தான். முதலில் பாதம் வீங்கியது, அமுக்கினால் குழி விழுந்தது, அளத்துத் தண்ணியில நிக்கிற காலு அப்பிடித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நீர் கோத்திருக்கு என்று சொன்னார்கள், ஒருத்தரும் கிட்னி என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையே அப்போது வீட்டுக்குள் வரவில்லை. வராத வார்த்தைக்கு வைத்தியம் ஏது. ஒருநாள் காலையில் பாயிலிருந்து எழுந்திருக்கவே இல்லை அப்பா. அப்படியே நின்னுரும். ஐயோ, எதற்கு இப்போது அப்பா ஞாபகம். அவள் தலையை உதறிக்கொண்டாள். கருவாட்டுக்காரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

முள்ளக்காடு தாண்டியதும் ரெண்டு பக்கமும் உப்பளம் விரிந்தது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது, வரப்பில் வெள்ளை வெள்ளையாக உப்பைக் குவித்த அம்பாரங்கள், சிலதுக்கு ஓலை மூடி, சிலதுக்கு நீலத் தார்ப்பாய். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி, இன்றைக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. பால்துரை சின்னதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது கூடவே வந்து அம்பாரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து வாயில் அதக்கிக்கொள்வான். மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வருவான். துப்புலே, ரத்தம் சுண்டிரும் என்று முதுகில் ஒன்று வைப்பாள் இவள். துப்பிவிட்டு, இவள் திரும்பியதும் இன்னொன்று. அப்படி உப்பைத் தின்ற பயலுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் உப்பே கூடாது என்று சொல்லிவிட்டார், அதுதான் அவனுக்குப் பெரிய தண்டனை, நோய்கூட இல்லை. எல்லா உப்பும் உப்புதானே என்று இருந்த மனுஷிக்கு இப்போது அந்த அம்பாரங்களைப் பார்த்தால் ஒன்று நல்லது ஒன்று கெட்டது, எது எது என்று தெரியாமல் வரிசையாக நிற்கிற மாதிரி தோன்றியது. கையை முந்தானையிலிருந்து எடுத்தாள். எடுத்த கை தானாகவே திரும்பப் போய் முடிச்சை அவிழ்த்தது.

கிளம்புகிற அவசரத்திலும் அடுக்களையில் இருந்த பாக்கெட்டிலிருந்து கொஞ்சத்தை முடிந்து எடுத்து வந்தது எதற்கென்றால், இதற்குத்தான். உப்பளத்துக்காரர் மகள், நாக்கில் வைத்தால் எந்த அளத்து உப்பு என்று சொல்லிவிடுவேன் என்று எத்தனை தடவை பீற்றியிருக்கிறாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. வெறும் உப்புதான். அப்பாடா என்று மூச்சு விட்டபோது நாக்கின் பின்பக்கம், தொண்டைக்குள் இறங்குகிற இடத்தில், லேசாக ஒரு கசப்புத் தெரிந்தது. தெரிந்ததா? பயத்தில் வாய் கசக்கிறதா? காலையில் காப்பி குடித்த கசப்பா, கொதிப்பு மாத்திரை போட்ட கசப்பா? முதல் மாசம் இந்த உப்பில் சாம்பார் வைத்தபோது வீட்டுக்காரர் ஏதோ ஒருமாதிரி இருக்கே என்று சொன்னாரே. அவருக்கு எதுதான் ஒருமாதிரி இல்லாமல் இருந்தது, அவர் பேச்சை ஒரு சாட்சியாக எடுக்க முடியுமா. இன்னொரு சிட்டிகை வைத்தாள். இப்போது கசக்கவில்லை. மூன்றாவது தடவை மறுபடி கசந்தது. சாமி, சாதா உப்பாக இருக்கட்டும், சண்முகநாதா, திருச்செந்தூருக்கு நடந்தே வருகிறேன், இதே ரோட்டில் வெறுங்காலோடு வருகிறேன், சாதா உப்பாக மட்டும் இருக்கட்டும். அப்படி இருந்தால் கொதிப்புக் குறைந்தது உப்பால் இல்லை, மாத்திரையால்தான் என்று ஆகும், ஆகட்டுமே, நல்ல உப்பு நல்ல உப்பு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த என் மூஞ்சியில் கரி பூசட்டுமே. பழையகாயல் வந்தது. பாலம் வந்தது. கீழே ஆற்றில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், துவைக்கிற சத்தம் பஸ்ஸுக்குக் கேட்கவில்லை, கை மட்டும் உயர்ந்து இறங்கியது. ரெக்ஸலின் இன்னும் கூப்பிடவில்லை.

ஆத்தூரில் இறங்கி அவள் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, பந்தல் எதுவும் தெரிகிறதா, ஆள் கூட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, பார்க்கப் பயந்துகொண்டே வந்தாள். ஒன்றும் இல்லை. புது வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டித் தொங்கியது, கோலம் போட்டிருந்தது. சாவு விழுந்த வீட்டில் கோலம் கிடக்காது என்று நினைத்ததும், இப்படியா நினைப்பேன் என்று தன்னையே வைதுகொண்டாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வராணி எட்டிப் பார்த்துவிட்டு ஈரக்கையோடு இறங்கி ஓடிவந்தாள். வாங்க மைனி, என்ன இப்பிடி வேர்த்து விறுவிறுத்து வாரிய, போன் கீழ கிடந்துச்சு பாக்கலையே, அவிய உள்ளதான் படுத்திருக்காவ, ஓட்டத்துக்குப் போகல, ஒரே அசதிங்காவ, என்றாள். படுத்திருக்கிறான். அசதி. சண்முகக்கனி செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் கொண்டுவந்த உப்பு எங்கட்டி, சொல்லு, அந்த உப்புலயா இம்புட்டு நாளும் சமைச்ச, என்று கேட்டுக்கொண்டே டப்பாக்களைத் திறந்து திறந்து பார்த்தாள். செல்வராணி முகம் வெளுத்துவிட்டது. ஏதோ குற்றம் கண்டுபிடிக்கப்பட்டவள் மாதிரி சேலை நுனியைத் திருகினாள்.

“கோவிச்சுக்கிடாதிய மைனி. நீங்க சொன்னிய, எனக்கு மனசு வரல. அவியளுக்கு டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டாரு, ரெண்டு வருசமா உப்பில்லாமத்தான் ஆக்கிப் போடுதேன். அதுவும்போக எங்க வீட்டுல முத உப்பைப் புழங்கமாட்டோம், மகாலட்சுமில்லா, சாமிகிட்டயே வச்சிருவோம். அடுப்படிக்கே கொண்டுவரல.”

சண்முகக்கனி அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, செல்வராணியின் ஈரக்கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். என் தாயி, என் ராசாத்தி, பேச்சுக் கேக்காதவ என்று உன்னை எத்தனை நாள் ஏசியிருப்பேன், அந்தப் பேச்சுக் கேட்காத குணம்தானட்டி என் தம்பியைக் காப்பாத்துச்சு. செல்வராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் மைனி கோபிக்கவில்லை என்பதே பெரிய விஷயமாக இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சந்தோஷத்தில் பேச ஆரம்பித்தாள். நீங்க உப்புக் கொண்டுவந்த நேரமோ என்னமோ மைனி, அவியளுக்கு பக்தி வந்துருச்சு, முன்னெல்லாம் சாமி படத்தை ஏறிட்டுக்கூடப் பாக்கமாட்டாவ, இப்ப காலையிலயும் சாயந்திரமும் சோத்துத் தட்டைக் கையில எடுத்துக்கிட்டுப் பூசை ரூமுக்குள்ள போயி, கதவைச் சாத்திக்கிட்டு, சாமிக்குக் காட்டிட்டுத்தான் சாப்பிடுதாவ.

சண்முகக்கனி டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்தது கவிழ்ந்து ஓடியதை அவள் பார்க்கவில்லை, எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். பூஜை ரூம் என்று பேர், ஒரு ஆள் நிற்கிற அளவு இடம், அதற்கு ஒரு கதவு, உள்ளே விளக்கு, படங்கள், மூலையில் அந்தப் பீங்கான் ஜாடி, அதன் மேல் பிரியமாக ஒரு செம்பருத்திப் பூ. பூவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். கும்பா நிறையக் கொண்டுவந்து கொட்டிய உப்பில் கொஞ்சம் மட்டும் ஜாடியின் அடியில் ஒட்டிக் கிடந்தது. சுவரில் வரி வரியாக விரல் வழித்த தடம். ரெண்டு விரல், பக்கத்தில் பக்கத்தில். சின்னப் பிள்ளை தேன் குப்பியை வழித்தது மாதிரி. செல்வராணி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பால்துரை சத்தம் கேட்டு எழுந்து வந்து நின்றான். கைலியும் பனியனுமாக, முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே பை கட்டி. ஜாடியையும் அக்காவையும் பார்த்ததும் சட்டென்று சின்னப் பயலாகிவிட்டான், கை தானாகப் பின்னால் போனது. ரெண்டு வருசமா வெறுஞ்சோறுக்கா, என்றான், தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்சம்தான், தொட்டுக்கிடுவேன், நீ கொண்டுவந்து சாமிகிட்ட வச்ச உப்பு என்ன செஞ்சிரப் போகுதுன்னு. சண்முகக்கனிக்கு அவன் முதுகில் ஒன்று வைக்கக் கை வரவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கேட்கும்போது அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கசந்துச்சாலே?”

அவன் சிரித்தான். “நீ கொண்டாந்தது எப்பிடிக்கா கசக்கும்?”

அதற்குப் பிறகு எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. செல்வராணி ஓடிப்போய்த் தெருமுனை ஆட்டோவைக் கூட்டிவந்தாள், ஈரத்துணி பக்கெட்டோடு மாடியிலேயே கிடந்தது, யார் கதவைப் பூட்டினது என்று தெரியவில்லை. என்னத்துக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம், நாளைக்குப் போவோம் என்றவனை ரெண்டு பொம்பளைகளும் நடுவில் இடுக்கி உட்கார்த்திவிட்டார்கள். ஆட்டோ பாலத்தில் ஏறும்போது ரெக்ஸலின் கூப்பிட்டாள். சண்முகக்கனி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆபீஸில் நம்பரைப் பார்த்துவிட்டார்கள். கலந்த உப்புத்தான். நேரே தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க அக்கா, எங்க டாக்டரம்மா அங்க பேசி வச்சுட்டாங்க, வந்ததும் ஈசிஜி எடுத்துருவாங்க, மருந்து இருக்கு, நேரத்தோட வந்தாப் போதும். வந்துக்கிட்டே இருக்கோம் தாயி, என்று சொல்லிப் போனை மடியில் போட்டாள். செல்வராணி இவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு டிரைவரிடம் கொஞ்சம் விரட்டி ஓட்டுங்கண்ணே என்றாள்.

சண்முகக்கனி தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்கத் தெரியாது அவளுக்கு. ஏதோ துடித்தது, ஒரு தடவை துடித்துவிட்டு அடுத்தது வருகிறதா என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், வந்தது, அதற்கடுத்தது கொஞ்சம் தாமதித்த மாதிரி இருந்தது, அதுவும் வந்தது. துடிப்பது அவன் கையா தன் விரலா என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளியே உப்பளம் மறுபடியும் வந்தது. உச்சி வெயிலில் பாத்தித் தண்ணீர் வெள்ளையாகத் தகித்தது. பால்துரை தலையை அக்கா தோளில் சாய்த்துக்கொண்டு அம்பாரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். போனில் வந்ததில் பாதி அவன் காதிலும் விழுந்திருந்தது.

“அக்கா, நல்ல உப்புன்னுதானே சொன்ன?”

ஆட்டோக்காரரும் காதைக் கொடுத்துக்கொண்டுதான் வந்தார். கோவில்பட்டி வரனுக்கு அவர் சொந்தமோ என்னமோ, யார் கண்டது. சண்முகக்கனி குரலைத் தாழ்த்தவில்லை.

“நல்ல உப்புதான்லே. நமக்குத்தான் ஆகாது. நம்ம குடும்பத்துக்குக் கிட்னி சரியில்ல.”

அவன் ம் என்றான். அவள் பிடியை விடவில்லை. விரலுக்கடியில் அடுத்த துடிப்பு வருவதற்காக, ஆட்டோவின் குலுக்கலையும் மீறிக் காத்துக்கொண்டிருந்தாள்.